கலர் மாறிய க்ரீமும் உன் வலது கையும்

என் கோபக்காரப் பிள்ளைக்கு, உன்னைவிடக் கோபக்காரியான அம்மா எழுதுகிறேன்.

போனை நீ எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வரவில்லை. முடிச்சூரிலிருந்து பெருங்களத்தூர் என்ன கடல் கடந்தா இருக்கிறது, நேரே வந்து உன் புது ஃபிளாட் கதவைத் தட்டலாம். நீ திறக்க மாட்டாய். நான் கதவை உடைப்பேன். குடிவந்த முதல் மாதமே அசோசியேஷன்காரர்களுக்கு நம் குடும்ப லட்சணம் தெரிய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. கிழித்துப் போடுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை ஷீபா இங்கே வந்தாள். உன் வலது கையில் இருக்கும் தழும்பைப் பற்றிக் கேட்டாள். "ஆமாம்மா, காய்ச்சின எண்ணெயை நான்தான் ஊத்தினேன்" என்று சொன்னேன். பெற்ற பிள்ளை மேல் எண்ணெய் ஊற்றுகிறவளா தனக்கு வரப்போகும் மாமியார் என்று அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துப்போனது. ஏன் ஊற்றினேன் என்று நான் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அவள் உன்னோடு பேசவில்லை, நீ என்னோடு பேசவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் உங்கள் கல்யாண ஓலையைக் கடைசி முறையாக வாசிப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று சபை ஐயர் சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துவார். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு நொடியில் யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. அதற்குள் நீ அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்காவிட்டால், மாப்பிள்ளையின் அம்மாவே எழுந்து நிற்பதைத் தாம்பரம் பார்க்கும். கேட்டுவிட்டு அவள் உன்னைக் கட்டிக்கொள்வதும் வேண்டாம் என்பதும் அவள் இஷ்டம். கேட்காமல் கட்டிக்கொள்ள நான் விடமாட்டேன்.

உன் கோபம் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டாம். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுத்த காலத்தில் என் டஸ்டர் கடைசி பெஞ்ச் வரை பறக்கும். நான் கத்த ஆரம்பித்தால் உன் அப்பா மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று நைசாக வெளியே போய்விடுவார். அவர் இருந்தவரை நம் பிளாக்கில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியாத நாள் குறைவு. மாடி வீட்டுக்காரர் நம் பால்கனியில் குப்பை தட்டியபோது அந்தக் குப்பையை அவர் வீட்டு சோபாவில் கொட்டிவிட்டு வந்தவள் நான். இதற்கெல்லாம் வெட்கப்படுகிறேனா என்றால் இல்லை. ஆனால் நான் மோதியவர்கள் எல்லோரும் நிமிர்ந்து நின்று திருப்பிக் கொடுக்கக்கூடியவர்கள். இந்த ஒன்றை மட்டும் நீ என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா போன பிறகு ஸ்கூல் வேலையை விட்டேன். வெள்ளத்தில் இடுப்பளவு ஊறிக் கிடந்த பின்னறையைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, அங்கே க்ரீம் செய்ய ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது கெமிஸ்ட்ரி ஒன்றுதான். விட்டமின் சி போட்ட க்ரீம்தான் நன்றாகப் போனது. அதுவோ ரோஷக்காரப் பொருள். காற்று பட்டால் ஆகாது, வெயில் ஆகாது, சூடு ஆகாது, இரும்பு பட்டால் கேட்கவே வேண்டாம். முதலில் இளமஞ்சள், அப்புறம் டீ, அப்புறம் பழுப்பு என்று மாறிக்கொண்டே போகும். நம் போர் தண்ணீர் பக்கெட்டிலேயே செங்கறை பிடிக்க வைக்கிறது. அந்த இரும்பு கொஞ்சம் கலந்தால் போதும், வெள்ளை வெளேரென்று வைத்த க்ரீம் சீக்கிரமே நிறம் திரும்பிவிடும். அதனால்தான் பாட்டில் கழுவக்கூட டிஸ்டில்டு வாட்டர் என்று அடம்பிடிப்பேன். மிச்சசொச்ச இரும்பைக் கட்டிப்போட துளி ஈ.டி.டி.ஏ. சேர்ப்பேன். எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனியாக எழுபது டிகிரிக்கு மேல் சூடேற்றிக் கலக்க வேண்டும். அந்தச் சூட்டில் விட்டமின் சி-யைப் போட்டால் அதை நீயே கொன்ற மாதிரி. நாற்பதுக்குக் கீழே இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நமக்கு ஆகாத வேலை அதுதான், உனக்கும் எனக்கும்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லித்தான் கொடுத்தேன். பிளெண்டரின் தலை க்ரீமுக்குள் முங்கியே இருக்க வேண்டும், மேலே தூக்கினால் காற்றை உள்ளே அடித்துவிடும் என்றேன். காற்றுப் புகாத பிரவுன் பம்ப் பாட்டில் என்றேன். கொஞ்சமாகச் செய், விற்ற பிறகு மறுபடி செய் என்றேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டிலை விற்காமல் எடுத்து வை, வாரம் ஒருமுறை அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, புதிதாகச் செய்ததன் பக்கத்தில் வெள்ளைப் பேப்பரில் தேய்த்துப் பார் என்றேன். நிறம் திரும்பியிருந்தால் அந்தத் தடவை செய்த அத்தனையும் குப்பைக்கு. அழுதுகொண்டே கொட்டினாலும் சரி, கொட்டிவிட வேண்டும். இதற்கு மேல் இந்தத் தொழிலில் ஒரு ரகசியமும் கிடையாது.

ஓ.எம்.ஆர் கம்பெனி உன்னை வீட்டுக்கு அனுப்பியபோது நீ இந்தத் தொழிலுக்குள் வந்தாய். எனக்குச் சந்தோஷம்தான். உனக்கு எல்லாம் பெரிதாக வேண்டும். பிரவுன் பாட்டில் போட்டோவில் மருந்துக்கடை மாதிரி இருக்கிறது என்று கண்ணாடி ஜார் வாங்கினாய். உன் பெரியம்மா இறந்து நான் திருநெல்வேலி போயிருந்த வாரத்தில், வழக்கத்தைவிடப் பல மடங்கு செய்து, ஜார்களைப் போர் தண்ணீரில் அலசி, இன்ஸ்டாகிராமுக்காகப் பால்கனி வெயிலில் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தாய். காலையில் வைத்த ஜார்கள் சாயங்காலம் வரை வெயிலிலேயே நின்றதாம், எதிர் வீட்டு அம்மா பிறகு சொன்னார். நாலைந்து நாளில் அத்தனையும் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. கொட்டியிருக்கலாம். எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன், அதோடு போயிருக்கும். நீ கடையில் ஆரஞ்சு கலர் வாங்கிக் கலந்தாய். குங்குமப்பூ க்ரீம் என்று பேர் வைத்தாய். விலையையும் ஏற்றினாய்.

அதை வாங்கியவர்களில் ஒருத்தி பொழிச்சலூர் ரேவதி. நிச்சயதார்த்தத்துக்காக வாங்கிப் பூசினாள். கன்னம் இரண்டும் வெந்த மாதிரி சிவந்து, தோல் உரிந்துவிட்டது. கெட்டுப்போன விட்டமின் சி எரித்ததா, நீ கலந்த கலர் எரித்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது; தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். அவள் அண்ணன் முருகன், தாம்பரம்-முடிச்சூர் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் கூட்டம் சேர்த்துக்கொண்டு வரவில்லை, தனியாக வந்தான். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு, ஜாரைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. தங்கச்சி மூஞ்சி எரியுதுன்னு அழுதுகினு கீது. நாளான்னிக்கு நிச்சயம். இத்த கொஞ்சம் பாருங்களேன்" என்றான்.

நான் அடுப்படி மேஜையில் எண்ணெயும் மெழுகும் உருக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கையால் ஜாரை வாங்கி, துளி எடுத்து வெள்ளைப் பேப்பரில் தேய்த்தேன். ஆரஞ்சு ஓரமாகக் கசிந்து விலகியது. நடுவில் பழுப்பு அப்படியே நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் முருகன் குனிந்து பார்த்துவிட்டு உன் பக்கம் திரும்பினான். "உள்ள கலர் மாறிகீதே தம்பி. இத்த பாத்துட்டா வித்த?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

நீ அந்த ஜாரைப் பிடுங்கி அவன் காதோடு சேர்த்து அறைந்தாய். கண்ணாடி உடைந்தது. ரத்தமும் ஆரஞ்சு க்ரீமும் ஒன்றாக அவன் கழுத்தில் வழிந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை, காதைப் பொத்திக்கொண்டு "இன்னாபா இது" என்று மட்டும் கேட்டான். நீ வயிற்றில் உதைத்தாய். விழுந்தவன் மேல் முழங்காலைப் போட்டு உட்கார்ந்தாய். முகத்தில் குத்தினாய், மறுபடி குத்தினாய், அவன் வாயிலிருந்து பல் ஒன்று தெறித்து என் கால் பக்கம் வந்து விழுந்தது. "டேய் விடுடா, விடுடா" என்று நான் கத்தினேன். சட்டையைப் பிடித்து இழுத்தேன், சட்டைதான் கிழிந்தது. "அக்கா, சொல்லுக்கா, உட சொல்லுக்கா" என்று அவன் என்னைப் பார்த்துச் சொன்னான், அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. கண் செருகிவிட்டது. நீ அப்போதும் நிறுத்தவில்லை. கையை நீட்டி அந்த ஸ்டீல் ஸ்டூலை எடுத்தாய். தலைக்கு மேலே தூக்கினாய். அது எங்கே இறங்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. உனக்கும் தெரிந்திருந்தது.

என் கைக்கு எட்டியது அடுப்பிலிருந்த பாத்திரம். எடுத்தேன், ஊற்றினேன். கை தவறவில்லை, கால் வழுக்கவில்லை, பதற்றத்தில் கவிழவும் இல்லை. உன் வலது மணிக்கட்டைப் பார்த்து, கீழே கிடப்பவன் மேல் படாதபடி, பின்பக்கமிருந்து ஊற்றினேன். எண்ணெயும் மெழுகும் தண்ணீர் மாதிரி ஓடிவிடாது, பிடித்துக்கொள்ளும். தூக்கிய கையின் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் தோளுக்கும் அது வழிந்தது. நீ போட்ட அலறல் இன்னும் அந்த அறையில் இருக்கிறது. ஸ்டூல் உனக்குப் பின்னால் விழுந்து டைல்ஸ் உடைந்தது, இன்றும் அதை மாற்றவில்லை. உன் பிடரியைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயடியில் கையை நீட்ட வைத்தேன். நீ துள்ளினாய், மண்டையைச் சுவரோடு அழுத்தித்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உன் தோல் என் விரலோடு வந்தது. நான் பெற்ற தோல் அது. அன்று நான் அழவில்லை, அழ நேரம் இல்லை. அப்புறம் அழுத அழுகைக்குக் கணக்கே கிடையாது.

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து முருகனின் சிநேகிதன் ஓடி வந்தான். முருகனின் ஆட்டோவிலேயே உங்கள் இருவரையும் ஏற்றினோம். நடுவில் நான் உட்கார்ந்தேன், ஒரு பக்கம் அவன் தலை, இன்னொரு பக்கம் உன் கை. ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தாடை எலும்பு விரிசல் என்றார்கள். கேஸ் கொடு, நானே சாட்சி சொல்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். தாடையைக் கட்டியிருந்த நிலையில் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பேசினான்: "உங்க புள்ள மேலயே நீங்க ஊத்திகினீங்க. அதுக்கு மேல நான் இன்னாத்துக்கு கேஸு குடுக்கறது? என் தங்கச்சி கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்." நடந்தது. ரேவதியின் முகமும் சரியாகிவிட்டது, நீ விசாரிக்காததால் சொல்கிறேன். முருகனுக்கு இன்னும் இடது பக்கம் மெல்ல முடியாது.

உன்னிடம் நான் மன்னிப்பு கேட்பேன் என்று எதிர்பார்த்து இங்கே வரை படித்திருந்தால், ஏமாந்தாய். அந்தக் கை இறங்கியிருந்தால் ரேவதிக்கு அண்ணன் இருந்திருக்க மாட்டான், நான் புழல் ஜெயிலில் மனு போட்டு உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கையில் தழும்போடு பிள்ளை வெளியே இருக்கிறான், போதும். ஒன்று மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவன் உன்னைத் திட்டவில்லை, தொடவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கக்கூட இல்லை. பேப்பரில் இருந்ததைப் பார்த்தான். நீ மறைத்தது அவன் கண்ணில் பட்டுவிட்டது, அதற்காகத்தான் அவனைக் கொல்லப் போனாய்.

அதற்குப் பிறகு நீ மாறிவிட்டாய் என்று நம்பினேன். டிஸ்டில்டு வாட்டர், பிரவுன் பாட்டில், சின்னச் சின்ன அளவு என்று எல்லாம் ஒழுங்காகச் செய்தாய். ஷீபாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது எனக்குக் கால் தரையில் படவில்லை. ஆனால் போன மாதம் அவள் டியூட்டி முடித்து இங்கே வந்து, எடுத்துவைத்த சாம்பிளைப் பேப்பரில் தேய்த்துப் பார்த்து, "ஏங்க, லேசா கலர் மாறியிருக்கே" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நீ மேஜையில் ஓங்கி அடித்தாய். தெர்மாமீட்டர் கீழே விழுந்து உடைந்தது. "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்ட குரலை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். அது முருகனின் காது கிழிந்த நாளின் குரல். அடுத்த நிமிஷமே நீ சிரித்துச் சமாளித்தாய், டீ போடுகிறேன் என்றாய். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள். அதை நீ பார்க்கவில்லை.

அவள் நர்ஸ் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தீக்காய வார்டில் கட்டுப் போடுகிறவளிடமா குக்கர் ஆவி பட்டது என்று கதை விட்டாய்? சனிக்கிழமை வந்து இந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். தன் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "ஆன்ட்டி, ஆவி பட்டா பட்டையா இருக்கும். இது கோடு கோடா வழிஞ்சிருக்கு. மணிக்கட்டுலேர்ந்து தோள் பக்கமா போகுது. கை இப்படி மேல இருக்கும்போது யாரோ ஊத்தியிருக்காங்க" என்றாள். அப்புறம் கையை இறக்காமலே கேட்டாள்: "யாரை அடிக்க கை ஓங்கினாரு? உங்களையா?"

நான்தான் ஊற்றினேன் என்றேன். என்னை அடிக்க இல்லை என்றேன். மீதியை அவன் வாயால் கேள் என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "நான் பயந்துட்டு போறேன்னு நினைக்காதீங்க ஆன்ட்டி. எனக்கு யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அவளை அந்த நிமிஷத்தில் அவ்வளவு பிடித்துவிட்டது. அவள் மருமகளாக வராமல் போனால் நான் தாங்க மாட்டேன். அவள் தெரியாமல் வந்து, ஒருநாள் முருகன் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தால், அதையும் தாங்க மாட்டேன்.

அதனால் போய்ச் சொல். ஜார்களை வெயிலில் வைத்ததிலிருந்து ஆரம்பி. கலர் வாங்கிக் கலந்ததைச் சொல். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவனை என்ன செய்தாய் என்று சொல். கண் செருகிய பிறகும் ஸ்டூலை எடுத்ததைக் கட்டாயம் சொல். அதை மட்டும் விழுங்கிவிட்டால் மீதி எல்லாம் பொய். கோபத்தில் கண் தெரியவில்லை என்று சொல்லாதே, தெரிந்தது. அம்மா கொடுமைக்காரி என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள், எனக்கு ஒன்றுமில்லை. கேட்டுவிட்டு அவள் வேண்டாம் என்றால் மண்டபத்துக்கு நான் போன் செய்கிறேன், சொந்தக்காரர்கள் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், நீ தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வா, மீன் குழம்பு வைத்துப் போடுகிறேன். வேண்டும் என்றால், அவளிடம் இன்னொன்றையும் சொல்லிவை. இந்த வீட்டில் வாரத்தில் பாதி நாள் அடுப்பில் எண்ணெய் காய்கிறது. உன் கை அவள் மேல் ஓங்கினால், எனக்கு இன்னும் கண் நன்றாகத் தெரிகிறது, கையும் நடுங்குவதில்லை.

இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. கொண்டுவந்து கொடுத்தவன் வழியில் படித்திருந்தால் படித்திருக்கட்டும், அவனுக்குத் தெரியாதது இதில் எதுவும் இல்லை. கதவைத் திறந்து அவனைப் பார்த்ததும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாய், வாங்கிக்கொண்டு படாரென்று சாத்தியிருப்பாய். "என்னை அட்ச்சவன் வூட்டுக்கு நான் ஏங்கா போவணும்?" என்றுதான் முருகன் முதலில் கேட்டான். ஷீபாவைப் பார்க்க உன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் என்று சொன்னேன். தாடையைத் தடவிக்கொண்டான். "சரி, எழுதிக் குடுங்க" என்றான். இன்னும் கீழே கேட் பக்கம் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பான். நீ படித்து முடிக்கும்வரை சவாரி ஏற்ற மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். ஷீபாவின் வீடு அவனுக்குத் தெரியும். முழுக்கைச் சட்டை போட்டுத் தழும்பை மூடாமல் இறங்கிப் போ. பின் சீட்டில் ஏறாதே. முன்னால், அவன் பக்கத்தில் உட்கார்.